கல்லறையில் சுவர்; மோட்சத்தில் சமத்துவமா?

கொட்டச்சேட்டிலிருந்து ஒரு தோழர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். பேரை வெளியிட வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டிருப்பதால் பேரை விட்டுவிட்டு விஷயத்தை மாத்திரம் எடுத்துக்கொள்ளுகிறோம்.

சேர்வராயன் மலையில், ஏற்காட்டிலிருந்து குப்பனூர் பக்கம் இறங்கும் பாதையில் இருப்பது அவ்வூர். காப்பித் தோட்டத்துக் கூலியை நம்பி, பாட்டன் காலத்தில் கீழ்நாட்டிலிருந்து மலையேறிய குடும்பம் அவருடையது. அந்தக் காலத்திலேயே வேதத்தில் சேர்ந்தவர்கள். சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு அவருடைய தாயாருக்கு மூச்சுத் திணறல் கண்டது. அந்த வேளையில் வண்டி கிடைக்கவில்லை. விடிந்த பிறகு ஒரு ஜீப் வந்தது. பாதி வழியில் உயிர் போய்விட்டது. குழிமேட்டில் சபைப் பெரியவர் ஒருவர், "அழவேண்டாம், அவள் சாகவில்லை, தூங்குகிறாள். கடைசி நாளில் எழுந்திருப்பாள். அங்கே நீங்கள் எல்லோரும் அவளைக் காண்பீர்கள். எல்லாம் தேவ சித்தம்" என்று சொன்னாராம்.

தோழர் எழுதுகிறார்: "அந்த வார்த்தை எனக்கு ஒட்டவில்லை. ஆனால் என் தங்கை அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இரவில் கண்ணை மூடுகிறாள். பகுத்தறிவு பேசுகிற நீங்கள் அவளுக்குக் கொடுக்க என்ன வைத்திருக்கிறீர்கள்? ஒன்றுமில்லை என்றால், அவளிடம் இருப்பதைப் பிடுங்க உங்களுக்கு என்ன பாத்தியதை?"

கேள்வி நேர்மையான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல், பாதிரியைக் கேலி செய்து நாலு வரி எழுதிவிட்டுப் போவது யோக்கியமாகாது. தாயைப் பறிகொடுத்த பெண்ணின் கண்ணீரைப் பார்த்துச் சிரிக்கிறவன் பகுத்தறிவுக்காரனல்ல. ஆகவே அந்தத் தங்கையை விட்டுவிட்டு, அவளுக்கு அந்த வார்த்தையைக் கொடுத்தவர்களையே நாம் கேட்கிறோம்: ஐயா, நீங்கள் கொடுக்கிற இந்த நம்பிக்கையை நீங்களாவது நம்புகிறீர்களா?

கிறிஸ்தவர்களின் நம்பிக்கை இன்னதென்று முதலில் சொல்லிவிடுவோம். மனிதன் சாவோடு முடிந்துபோகிறவனல்ல என்பதும், கிறிஸ்து செத்து மூன்றாம் நாள் எழுந்தார் என்பதும், அதுபோலவே அவரை நம்பினவர்களும் ஒரு நாள் எழுப்பப்படுவார்கள் என்பதும், அங்கே கண்ணீருமில்லை, பசியுமில்லை, உயர்ந்தவன் தாழ்ந்தவனுமில்லை என்பதும்தான் அது. கிறிஸ்து எழுந்திருக்கவில்லையானால் தங்கள் விசுவாசமெல்லாம் வீண் என்று பவுலே தமது நிருபத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவ்வளவு பெரிய பாரத்தை இந்த ஒரே ஆணியில் மாட்டியிருக்கிறார்கள்.

இதற்கு ருஜு கேட்டால், "செத்துப் பார்த்தால் தெரியும்" என்பார்கள். செத்தவன் எவனும் திரும்பி வந்து சொல்லவில்லை. திரும்பி வந்தார் என்று சொல்லப்படுகிறவரைப் பற்றியும் அவரை நம்பினவர்கள் எழுதிவைத்ததுதான் சாட்சியமே ஒழிய வேறில்லை. ஒரு காணி நிலத்துக்கு இப்படிப்பட்ட பத்திரத்தைக் கொண்டுபோனால் எந்த ரிஜிஸ்திரார் பதிவு செய்வார்? என்றாலும் அந்த வாதத்தை இப்போது வளர்த்த நாம் விரும்பவில்லை. காணாத மோட்சத்தை விட்டுவிட்டு, கண்ணால் காணக்கூடிய கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். ஒருவன் சாவைப் பற்றி உண்மையில் என்ன நம்புகிறான் என்பதை அவன் வாய் காட்டிக்கொடுக்காது. பிணத்தை எங்கே புதைக்கிறான் என்பதுதான் காட்டிக்கொடுக்கும்.

திருச்சிராப்பள்ளி மேலப்புதூருக்குப் போய் விசாரித்துப் பாருங்கள். அங்கே கத்தோலிக்கக் கிறிஸ்தவர்களின் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் நெடுங்காலமாக ஒரு சுவர் நின்றது. சுவருக்கு ஒரு பக்கம் மேல்ஜாதிக் கிறிஸ்தவப் பிணங்கள். மறுபக்கம் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவப் பிணங்கள். இரண்டுக்கும் ஒரே ஞானஸ்நானம், ஒரே பூசை, ஒரே சிலுவை. மண் மாத்திரம் வேறு! அந்தச் சுவரின் ஒரு பகுதியை இடிக்க 2010-இல் போராட்டக்காரர்கள் கடப்பாரை எடுக்க வேண்டியிருந்தது. சர்வேசுரன் இடிக்கவில்லை. சம்மனசுகளும் இடிக்கவில்லை.

உளுந்தூர்பேட்டைக்கு அருகிலுள்ள எறையூருக்குப் போங்கள். அங்கே வன்னியக் கிறிஸ்தவர்களும் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களும் ஒரே மாதா கோயிலைச் சேர்ந்தவர்கள். ஆனால் தாழ்த்தப்பட்டவன் செத்தால் அவன் பிணம் கோயிலுக்குப் போகிற பெருவீதியில் போகக்கூடாது, பிணம் சுமக்கும் வண்டியும் வேறு, புதைக்கும் இடமும் வேறு என்பதே அவர்களுடைய முறையீடு. தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டுமென்று அவர்கள் கேட்டார்கள். 2008 மார்ச் 9-ந் தேதி அது கலகமாகி, போலீசார் சுட்டதில் இருவர் மாண்டார்கள். பிணம் எந்த வழியே போவது என்கிற சண்டையில் இரண்டு பிணங்கள் விழுந்தன!

நாம் கேட்கிறோம்: கடைசி நாளில் எல்லோரும் ஒன்றாக எழுந்திருப்பார்கள் என்று மெய்யாகவே நம்புகிறவன் இப்படிச் சுவர் வைப்பானா? நாளைக்கு ஒரே பந்தியில் உட்காரப்போகிறோம் என்று தெரிந்தவன் இன்றைக்குத் தன் எலும்புக்குப் பக்கத்தில் இன்னொருவன் எலும்பு இருக்கக்கூடாது என்று காவல் போடுவானா? சுவர் வைக்கிறவனுக்கு உயிர்த்தெழுதலில் நம்பிக்கை இல்லை. செத்த பிறகும் ஜாதி இருக்கும் என்பதில்தான் அவனுக்கு நம்பிக்கை. அவனுடைய உண்மையான வேதம் அந்தச் சுவர்தான்.

"இது இந்து மதத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த அழுக்கு, எங்கள் வேதத்தில் இல்லாதது" என்று பாதிரிமார்கள் சமாதானம் சொல்லுகிறார்கள். ஜாதி என்னும் விஷம் பார்ப்பனிய இந்து மதத்தில் ஊறினது என்பதை நம்மைவிட அதிகமாக எடுத்துச் சொன்னவர்கள் யார்? ஆனால் அழுக்கு ஒட்டிக்கொண்டு மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகிறது. வெளுக்க வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி.

1704-இல் புதுச்சேரியில் நடந்ததைச் சொல்லுகிறோம். போப்பாண்டவரின் பிரதிநிதியாக வந்திருந்த தூர்னோன் என்பவர், இங்கிருந்த பாதிரிமார்களின் நடவடிக்கைகளை விசாரித்து ஒரு கட்டளை பிறப்பித்தார். அதில் ஒரு பிரிவு என்ன தெரியுமா? பறையர் என்று ஒதுக்கப்பட்ட கிறிஸ்தவன் சாகக் கிடந்தால் குருவானவர் அவன் குடிசைக்குள் போய் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வேண்டும் என்பது. அப்படியானால் அதுவரை போகவில்லை என்பதுதானே பொருள்? சாகிற நேரத்தில் அந்த எண்ணெயும் மந்திரமும் ஆத்துமாவுக்கு அவ்வளவு அவசியம் என்று போதித்தவர்கள், சாகிறவன் எந்த ஜாதி என்று பார்த்து வாசற்படியில் நின்றுவிட்டார்கள். சேசு சபையார் அந்தக் கட்டளைக்கு ஆட்சேபணை சொன்னார்கள். ஏன்? அந்தக் குடிசைக்குள் நுழைந்தால் மேல்ஜாதியார் தங்களை வீட்டில் சேர்க்கமாட்டார்கள் என்கிற பயம். வழக்கு நாற்பது வருஷம் நடந்தது. முடிவில் 1744-இல் 14-வது பெனடிக்ட் போப்பாண்டவர், ஒதுக்கப்பட்டவர்களுக்கென்று தனிப் பாதிரிகள் வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டை ஒப்புக்கொண்டார். ஆக, மோட்சத்துக்கு வழிகாட்டுகிறவனிலும் இரண்டு ஜாதி! பார்ப்பானுக்கு ஒரு குரு, பறையனுக்கு ஒரு குரு! இதைச் செய்தது மனு அல்ல. ரோமாபுரி.

பிராட்டஸ்டண்டுகளும் தப்பவில்லை. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், கோயிலிலும் நற்கருணையிலும் ஜாதி வித்தியாசம் கூடாது, உடனே ஒழிய வேண்டும் என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் இருந்த வெள்ளாளக் கிறிஸ்தவர்களில் பலர் கோயிலை விட்டுப் போனார்களே ஒழிய ஜாதியை விடவில்லை. கிறிஸ்துவா ஜாதியா என்று கேட்டதற்கு அவர்கள் கொடுத்த பதில் அது. 2003 நவம்பரில் 2-வது ஜான் பால் போப்பாண்டவர் ரோமாபுரிக்கு வந்த தமிழ்நாட்டு மேற்றிராணிமார்களிடம், கிறிஸ்தவர்களுக்குள் ஜாதி பாராட்டுவது மெய்யான மனித ஒற்றுமைக்கே விரோதமானது என்று கண்டித்துப் பேசினார். பேச்சு நல்ல பேச்சு. எறையூரில் துப்பாக்கி வெடித்தது அதற்கு ஐந்தாவது வருஷம்.

நிற்க, இந்த நம்பிக்கை யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதையும் அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். ஞானஸ்நானம் பெறாமல் செத்த பச்சைக் குழந்தைக்கு மோட்சமில்லை என்று பல நூற்றாண்டுகள் கத்தோலிக்கக் குருமார்கள் போதித்தார்கள். நரகத்துக்கும் அனுப்ப மனம் வராமல், "லிம்போ" என்று ஒரு இடத்தைக் கற்பித்துக் குழந்தைகளை அங்கே வைத்தார்கள். 1917-இல் வகுத்த திருச்சபைச் சட்டப்படி ஞானஸ்நானமில்லாமல் செத்தவருக்குக் கோயில் முறையான அடக்கமும் கிடையாது. பிறகு 2007-இல், ரோமாபுரியின் வேத சாஸ்திரக் குழு ஒன்று கூடி ஆலோசித்து, அக்குழந்தைகளும் மோட்சம் சேரக்கூடும் என்று நம்ப இடமிருக்கிறது என்று போப்பாண்டவரின் சம்மதத்துடன் வெளியிட்டது. சந்தோஷம். ஆனால் அதுவரை செத்த பிள்ளைகளை நினைத்து, இனி எந்த உலகத்திலும் பார்க்க முடியாது என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுத தாய்மார்களுக்கு யார் பதில் சொல்லுவது? காகிதத்தில் எழுதி மூடுகிற கதவை, காகிதத்தில் எழுதித் திறக்கிறார்கள் என்றால், அந்தக் கதவு காகிதத்தில் மாத்திரம்தானே இருந்தது?

இன்னும் ஒன்று. அதுவும் இந்த மலைக்கே சம்பந்தப்பட்டது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழில் பெயர்த்த பீட்டர் பெர்சிவல் பாதிரியார் 1882-இல் ஏற்காட்டில்தான் காலமானார். அவருடைய மருமகன் ராபர்ட் புரூஸ் பூட் என்ற பூமி சாஸ்திரியும் ஏற்காட்டில் வாழ்ந்தவரே. அந்த மருமகன்தான் 1863-இல் பல்லாவரத்தில் ஆதி மனிதன் செதுக்கிய கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார். அதே வருஷம் வில்லியம் கிங் என்பவரோடு அத்திரம்பாக்கத்திலும் கண்டெடுத்தார். அத்திரம்பாக்கத்துக் கல்லாயுதங்கள் சுமார் 15 லட்சம் வருஷத்துக்கு முந்தியவை என்று 2011-இல் ஆராய்ச்சிக்காரர்கள் வெளியிட்டார்கள். கிறிஸ்து பிறந்து 2000 வருஷந்தான் ஆகிறது. அதற்கு முன் 15 லட்சம் வருஷமாக இந்தத் தமிழ் மண்ணில் பிறந்து, பசித்து, பிள்ளை பெற்று, செத்துப்போனவர்களுக்கு என்ன நம்பிக்கை இருந்தது? மாமனார் பெயர்த்த புத்தகத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. மருமகன் எடுத்த கல்லில்தான் அவர்கள் இருக்கிறார்கள்.

இந்து மதத்தில் இருக்கிற தோழர்கள் இதைப் படித்துவிட்டுக் கையைத் தட்ட வேண்டியதில்லை. செத்தவன் வைதரணி ஆற்றைத் தாண்டப் பசு மாடும், பசி தீரத் திதியும், வருஷா வருஷம் தெவசமும் கேட்கிற பார்ப்பானைவிட, உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாவுக்குப் பூசைக் காசு வாங்குகிற குரு பெரிய பாவியல்ல. சுடுகாட்டிலும் ஊருக்கு ஒன்று, சேரிக்கு ஒன்று என்று முதலில் பிரித்தவர்கள் நீங்கள்தான். நீங்கள் மோட்சத்திலும் சமத்துவம் பேசவில்லை என்பதால் உங்களிடம் புரட்டு ஒன்று குறைவு. அவ்வளவுதான்!

நிற்க, கிறிஸ்தவர்கள் இந்த நாட்டில் சாவுக்கு எதிராக ஒன்றுமே செய்யவில்லையா என்றால், செய்திருக்கிறார்கள். அதை மறைக்க நமக்கு அவசியமில்லை. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் கடைசியில் திண்டிவனத்தில் ஒரு பாதிரி டாக்டர் வீட்டில் அவர் மகள் ஐடா ஸ்கட்டர் தங்கியிருந்தாள். ஒரே இரவில் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக வந்து, தங்கள் மனைவிமார் பிரசவ வேதனையில் இருப்பதாகச் சொல்லி அவளைக் கூப்பிட்டார்கள். "எனக்கு வைத்தியம் தெரியாது, என் தகப்பனார் வருவார்" என்றாள். அன்னிய ஆண் தொட்டு வைத்தியம் பார்க்கக்கூடாது என்று மூவரும் திரும்பிப் போய்விட்டார்கள். விடிந்தபோது அந்த மூன்று பெண்களும் பிணம்.

அந்தப் பெண் என்ன செய்தாள்? "தேவ சித்தம்" என்று ஜெபம் பண்ணிவிட்டுத் தூங்கப் போகவில்லை. அமெரிக்கா போய் வைத்தியம் படித்து, 1899-இல் பட்டம் வாங்கி, 1900-இல் வேலூருக்கு வந்து ஒரு கட்டிலோடு வைத்தியசாலை ஆரம்பித்தாள். 1918-இல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளிக்கூடம் வைத்தாள். இன்று வேலூர் ஆஸ்பத்திரியை அறியாதவர் யார்? தன்னைத் தேவன் அழைத்ததாக அவள் நம்பினாள். நம்பட்டும். நாம் பார்ப்பது அவள் கையிலிருந்ததை. கையில் இருந்தது கத்தி, மருந்து, படிப்பு. அவளுக்கு முன்பே திண்டிவனத்தில் மோட்ச நம்பிக்கை போதிக்கப்பட்டுத்தான் இருந்தது. அது அந்த மூன்று பெண்களில் ஒருத்தியையும் காப்பாற்றவில்லை.

இதையே இன்னும் பெரிய கணக்கில் பாருங்கள். 1947-இல் இந்நாட்டில் பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் சுமார் 32 வருஷம். இன்று சுமார் 70. ஆயிரமாயிரம் வருஷமாக மாரியம்மன் பேரால் மனிதனைத் தின்ற பெரியம்மை 1975-க்குப் பிறகு இந்தியாவில் இல்லை. எந்தக் கோயிலில், எந்த மசூதியில், எந்த மாதா கோயிலில் செய்த பிரார்த்தனை இதைச் செய்தது? அம்மை குத்தினவன் செய்தான். குழாயில் நல்ல தண்ணீர் விட்டவன் செய்தான். பிரசவம் பார்க்கப் படித்த நர்சு செய்தாள்.

இனிக் கொட்டச்சேட்டுத் தோழருக்கு நேராகவே பதில் சொல்லுகிறோம்.

தோழரே, உங்கள் தாயாரை மறுபடி பார்ப்பீர்கள் என்று நாம் சொல்லமாட்டோம். இல்லாததை உண்டென்று சொல்லி உங்கள் துக்கத்தை விலைக்கு வாங்க நமக்குச் சம்மதமில்லை. அதனால் சாவின் முன்னே நாம் கோழைகளாகிவிட மாட்டோம். பகத்சிங் 1930-இல் லாகூர் சிறையிலிருந்து, தான் ஏன் நாஸ்திகன் என்று எழுதினார். அதைத் தோழர் ப. ஜீவானந்தம் தமிழில் பெயர்த்தார். தூக்குக்கயிறு இறுகுகிற நிமிஷமே தன் கடைசி நிமிஷம், அதற்கப்பால் ஒன்றுமில்லை என்று தெரிந்தே, மறுமையில் கூலி கேளாமல், 1931 மார்ச் 23-ந் தேதி 23 வயதில் அவர் போனார். மோட்சத்தை எதிர்பார்த்துச் சாகிறவனின் தைரியத்தைவிட இது எதில் தாழ்ந்தது?

உங்கள் தங்கையிடமிருந்து எதையும் பிடுங்கச் சொல்லி நாம் கேட்கவில்லை. அவள் அழட்டும். அவளோடு நீங்களும் உட்கார்ந்து அழுங்கள். தாயார் எப்படிப் பேசுவார், எப்படி உழைத்தார், எந்தக் குழம்பு வைப்பார் என்பதையெல்லாம் இருவரும் பேசுங்கள். செத்தவர்கள் வாழுகிற இடம் நமக்குத் தெரிந்தவரை அது ஒன்றுதான். அங்கே சுவர் கிடையாது. காசும் கேட்கமாட்டார்கள்.

ஆனால் ஒரு வார்த்தையை மாத்திரம் நீங்கள் ஒப்புக்கொள்ளக்கூடாது. "தேவ சித்தம்" என்கிற வார்த்தை. உங்கள் தாயார் ஒரு இரவு முழுவதும் மூச்சுக்குப் போராடினார். வண்டி வரவில்லை. விடிந்துதான் வந்தது. இதில் தேவனுடைய சித்தம் எங்கே வந்தது? தேவ சித்தம் என்று முத்திரை குத்தினவுடன் விசாரணை முடிந்துவிடுகிறது. யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்து முதலாளிக்கு லாபம், அதிகாரிக்கு லாபம், ஓட்டு வாங்கிப் போனவனுக்கு லாபம். உங்களுக்கு மாத்திரம் உயிர்த்தெழுதல்! மோட்ச நம்பிக்கையில் நாம் காணுகிற பெரிய கெடுதி இதுதான். செத்தவரை அது எழுப்பவில்லை என்பதுகூட இரண்டாம் பட்சம். உயிரோடிருப்பவர்களை எழுந்திருக்கவொட்டாமல் செய்கிறது என்பதே முதல் குற்றம்.

2008-லிருந்து தமிழ்நாட்டில் 108 என்று கூப்பிட்டால் ஆஸ்பத்திரி வண்டி வருகிற ஏற்பாடு இருக்கிறது. இது மனிதர்கள் யோசித்து, மனிதர்கள் வரி கொடுத்து, மனிதர்கள் ஓட்டுகிற வண்டி. அது மழை இரவில் உங்கள் மலைப்பாதையில் எவ்வளவு நேரத்தில் வந்து சேரும், எங்கே நிறுத்தப்பட்டிருக்கும், ராத்திரியில் அருகிலே டாக்டர் இருப்பாரா என்று உங்கள் ஊரார் எல்லோரும் ஒன்றுகூடிக் கேளுங்கள். மலையாளிக் குடிகளும், தோட்டத் தொழிலாளிகளும், வேதக்காரரும், இந்துக்களும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடுங்கள். பதில் வருகிறவரை விடாதீர்கள். உங்கள் தங்கையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அடுத்த மழைக்காலத்தில் இன்னொரு வீட்டில், இன்னொரு தாய்க்கு மூச்சுத் திணறி, வண்டி நேரத்தில் வந்து, அந்தத் தாய் பிழைத்து நடந்து வீடு திரும்பினால், உங்கள் தங்கைக்கு நாம் கொடுக்கக்கூடிய நம்பிக்கை அதுதான். அதைப் பார்க்க அவள் சாக வேண்டியதில்லை.